பெரிய வெள்ளி, 1962: அறிக்கையில் இடம் கிடைக்காத ஒரு மாணவர் – நிகழ்வு ஆய்வு

சைக்கடெலிக் பொருட்கள், அதாவது மனநிலையை ஆழமாக மாற்றும் மருந்துகள் பற்றிப் பேசுகிற யாரும் ஒரு கட்டத்தில் பாஸ்டன் நகரத்துப் 'பெரிய வெள்ளி சோதனை'க்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். இறையியல் மாணவர்களுக்குக் காளானிலிருந்து வந்த சைலோசைபின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள், ஆழமான ஆன்மிக அனுபவம் கிடைத்தது, கால் நூற்றாண்டு கழித்துக் கேட்டபோதும் அதையே சொன்னார்கள் என்று கதை சொல்லப்படும். அது பொய்யில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு மாணவர் தெருவுக்குப் போய்விட்டார், அவரைப் பிடித்து அழைத்து வந்து ஊசி போட வேண்டியிருந்தது. மூல ஆய்வேட்டில் இந்த ஊசி பற்றி ஒரு வரி கூட இல்லை.

இந்தப் பதிவு அந்த மாணவரைச் சுற்றித்தான். இந்த மருந்து மூளையில் என்ன செய்கிறது, பக்கத்தில் இருக்கிற மனிதர்களின் பேச்சு அந்த நேரத்தில் எவ்வளவு எடை கூடிப்போகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற வேறு நிகழ்வை நான் படித்ததில்லை. மாணவர்கள் யாருடைய பெயரும் இங்கே வராது. சோதனையை நடத்தியவர்கள் பொது வரலாற்றில் இருப்பவர்கள், அவர்கள் பெயர் மட்டும் வரும்.

பின்னணி

1955ல் மெக்சிகோவின் மலைக்கிராமம் ஒன்றில் மசாடெக் இனப் பெண் மருத்துவர் நடத்திய இரவுச் சடங்கில் நியூயார்க் வங்கியாளர் கார்டன் வாசன் காளான் சாப்பிட்டார், இரண்டு வருஷம் கழித்து அதை 'லைஃப்' இதழில் எழுதினார். 1958ல் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் அந்தக் காளானில் வேலை செய்யும் பொருளைப் பிரித்தெடுத்து சைலோசைபின் என்று பெயர் வைத்தார். நிறுவனம் அதை ஆய்வாளர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. 1960ல் ஹார்வர்டில் உளவியலாளர் திமோதி லியரி தன் சைலோசைபின் திட்டத்தை ஆரம்பித்தார். அப்போது இதற்குத் தடை எதுவும் கிடையாது.

வால்டர் பான்கி மருத்துவம் படித்தவர், இறையியலும் படித்தவர், ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார், லியரி அவருடைய வழிகாட்டிகளில் ஒருவர். ஞானிகளும் துறவிகளும் விவரிக்கிற அனுபவமும் இந்த மருந்து தருகிற அனுபவமும் ஒன்றுதானா என்பது அவருடைய கேள்வி. அளப்பதற்கு ஒரு அளவுகோல் வேண்டுமே, அதற்கு டபிள்யூ.டி. ஸ்டேஸ் என்ற தத்துவ அறிஞரின் வகைப்பாட்டை எடுத்துக்கொண்டார். இந்த ஸ்டேஸ் 1910 முதல் 1932 வரை இலங்கை சிவில் சேவையில் இருந்தவர், கொழும்பு மேயராகவும் இருந்தார், பௌத்த, இந்து சிந்தனைகளில் அவருக்கு ஈடுபாடு வந்தது அங்கேதான். பாஸ்டன் நிலவறையில் நடந்த ஒரு சோதனையின் கேள்வித்தாளுக்குள் கொழும்பில் பிறந்த சிந்தனையும் இருந்திருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. எல்லாம் ஒன்று என்ற உணர்வு, காலமும் இடமும் கரைந்துபோவது, புனிதம், சொல்லில் அடங்காமை, வாழ்க்கையில் நிலைக்கிற மாற்றம் என்று மொத்தம் ஒன்பது தலைப்புகளில் பான்கி அனுபவத்தைப் பிரித்துக்கொண்டார்.

எடுத்த முடிவுகளும் அதற்கான காரணங்களும்

20 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். எல்லாரும் ஆண்கள், புராட்டஸ்டன்ட் இறையியல் மாணவர்கள், இந்த வகை மருந்தை அதுவரை தொட்டதில்லை. உடல் பரிசோதனையும் மனநலச் சோதனையும் நடந்தன. அந்தக் காலத்துக்கு இது மிகவும் கவனமான தேர்வு, இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் மருந்துச் சோதனைக்கு ஆளின் ஒப்புதல் வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டத்தில் எழுதியதே 1962 அக்டோபரில்தான், அதாவது இந்தச் சோதனை முடிந்து ஆறு மாதம் கழித்து.

நான்கு நான்கு பேராக ஐந்து குழுக்கள், குழுவுக்கு இரண்டு வழிநடத்துநர்கள். முன்கூட்டியே சந்தித்துப் பழக வைத்தார்கள். அறிமுகமில்லாத முகங்களுக்கு நடுவில் மனம் திறக்காது, பயம்தான் வரும் என்று பான்கி நினைத்தார், அது சரியான கணிப்பு.

இடமாக பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் ஆலயத்தையும் நாளாகப் பெரிய வெள்ளியையும் தேர்ந்தெடுத்தார். சூழ்நிலை அனுபவத்தை உருவாக்கும் என்று லியரி வட்டாரத்தில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்கள், ஆன்மிக அனுபவம் வருமா என்று பார்க்க வேண்டுமானால் ஆன்மிகச் சூழ்நிலையில்தான் பார்க்க வேண்டும் என்பது பான்கியின் வாதம். மேலே பெரிய ஆலயத்தில் ஹோவர்ட் தெர்மன் ஆராதனை நடத்துவார், அது ஒலிபெருக்கி வழியாகக் கீழே நிலவறைச் சிற்றாலயத்துக்கு வரும். தெர்மன் சாதாரண பிரசங்கியார் இல்லை. மார்ட்டின் லூதர் கிங் அவரைத் தன் வழிகாட்டிகளில் ஒருவராக மதித்தார், 1936ல் இந்தியா வந்து காந்தியைச் சந்தித்தவர், அவர் குரலும் சொல்லும் கேட்பவரை அசைத்துவிடும். கீழே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும், அனுமதி கொடுத்ததும் அவர்தான்.

மருந்து விஷயத்தில் பாதிப் பேருக்கு 30 மில்லிகிராம் சைலோசைபின், மீதிப் பாதிக்கு 200 மில்லிகிராம் நிகோடினிக் அமிலம் என்ற வைட்டமின். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. நிகோடினிக் அமிலம் முகத்தையும் உடம்பையும் சிவக்க வைக்கும், சூடேற்றும், ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். அதனால் வெறும் மாவு மாத்திரையை விட நன்றாக ஏமாற்றும் என்று கணக்குப் போட்டார்கள்.

கடைசியாக ஒரு முடிவு, என் பார்வையில் எல்லாவற்றிலும் தவறானது இதுதான்: ஒவ்வொரு குழுவின் இரண்டு வழிநடத்துநர்களில் ஒருவருக்கும் 15 மில்லிகிராம் சைலோசைபின். பான்கிக்கு இதில் உடன்பாடு இல்லை, லியரி தரப்பின் வற்புறுத்தலில் நடந்தது. வெளியே நின்று கவனிக்கிறவர், உள்ளே அனுபவிக்கிறவர் என்ற பிரிவு இருக்கக் கூடாது, எல்லாரும் சமமாக உள்ளே இறங்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்த்துக்கொள்ள நியமித்த பத்துப் பேரில் பாதிப் பேர் அதே நேரத்தில் அதே மருந்தின் பிடியில் இருப்பார்கள்.

1962 ஏப்ரல் 20: கவனித்தவை

கேப்சூல்களைக் கொடுத்து ஒன்றரை மணி நேரம் கழித்து ஆராதனை தொடங்கியது, இரண்டரை மணி நேரம் நடந்தது. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாய்வழியே எடுக்கும் சைலோசைபின் அரை மணி நேரத்துக்குள் அல்லது கொஞ்சம் கூடுதலாக வேலையைத் தொடங்கும், ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் உச்சிக்குப் போகும், நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் இறங்கும். அதாவது பிரசங்கம் காதில் விழ ஆரம்பித்தபோது மருந்து உச்சத்தில் இருந்தது. யாரும் திட்டமிட்டு மோசம் செய்யவில்லை, சோதனையின் நோக்கமே அதுதான்.

முதலில் உடம்பு சிவந்தவர்கள் நிகோடினிக் அமிலம் வாங்கியவர்கள், நமக்குத்தான் உண்மையான மருந்து கிடைத்திருக்கிறது என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டார்கள். பிறகு அந்தச் சூடு அடங்கியது, பக்கத்தில் இருந்தவர்கள் வேறு உலகத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒருவர் பெஞ்சில் நீட்டிப் படுக்கிறார், இன்னொருவர் சுற்றி நடக்கிறார், மற்றவர்கள் ஆராதனைக்கு வந்தவர்கள் மாதிரி ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்கு என்ன கிடைத்தது என்பது சீக்கிரமே எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. சோதனையின் மறைப்பு அங்கேயே உடைந்தது.

மேலே தெர்மன் சிலுவையைப் பற்றிப் பேசினார். சிலுவையில் ஒரு மனிதன் இருக்கிறான் என்று போய்ச் சொல்லுங்கள், எல்லாரிடமும் சொல்லுங்கள் என்ற பொருளில் அவர் பேச்சு போயிற்று. பெரிய வெள்ளியில் எந்த ஆலயத்திலும் கேட்கக்கூடிய அழைப்பு. சைலோசைபின் வாங்கிய ஒரு மாணவர் அதைப் பிரசங்கமாகக் கேட்கவில்லை, தனக்கு இட்ட கட்டளையாகக் கேட்டார். அமைதியின் யுகம் பிறக்கப்போகிறது, அதை அறிவிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் நான் என்ற உறுதி அவருக்கு வந்தது. கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார்.

அவர் போனதைப் பார்த்தவர் ஹியூஸ்டன் ஸ்மித். எம்.ஐ.டி.யில் தத்துவப் பேராசிரியர், அன்று குழு வழிநடத்துநர்களில் ஒருவர், அவரும் சைலோசைபின் எடுத்தவர். தன் அனுபவத்துக்கு நடுவிலும் இது சரியில்லை என்று அவருக்குப் புரிந்திருக்கிறது, பின்னாலேயே போனார், பேசிப் பார்த்தார், பேச்சு எடுபடவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் சொன்னதிலிருந்துதான் இந்த விவரங்கள் பெரும்பாலும் தெரியவந்தன. போகிற வழியில் அந்த மாணவர் தபால்காரர் கையில் இருந்த கடிதத்தைப் பறித்துக்கொண்டார், பிடியை விடுவிக்கப் பெரும்பாடுபட்டார்கள். பிறகு உதவிக்கு ஆள் சேர்த்து, விருப்பமில்லாமலேயே அவரைத் திரும்ப அழைத்து வந்தார்கள். பான்கி மருத்துவர் என்பதால் தோரசின், அதாவது குளோர்ப்ரோமசின் ஊசி போட்டார். மனச்சிதைவு நோய்க்கு அன்று வழக்கத்தில் இருந்த மருந்து அது.

ஊசி போட்டது தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஓர் ஆள் சாலையில், வண்டிகளுக்கு நடுவில், தனக்கு எதுவும் ஆகாது என்ற நம்பிக்கையோடு நிற்கும்போது அவரை முதலில் காப்பாற்ற வேண்டும். அந்தக் கட்டத்துக்கு வரும் முன்பே அவர் பக்கத்தில் தெளிந்த மனதோடு ஒருவர் உட்கார்ந்திருந்தாரா என்பதுதான் என் கேள்வி.

மூளையில் நடந்தது

1962ல் இதை விளக்க வழியில்லை. இப்போது ஓரளவுக்கு முடியும்.

சைலோசைபின் உடம்புக்குள் போனதும் சைலோசின் ஆக மாறுகிறது, செரடோனின் என்ற மூளை வேதிப்பொருளின் 2ஏ வகை ஏற்பிகளில், அதாவது அதன் செய்தியை வாங்கும் இடங்களில், ஒட்டுகிறது. 1998ல் சூரிச் நகரத்து ஃப்ரான்ஸ் ஃபோலன்வைடர் குழு, இந்த ஏற்பியை அடைக்கும் கெட்டான்செரின் மருந்தை முன்னால் கொடுத்துவிட்டால் சைலோசைபினின் மயக்கக் காட்சிகள் வருவதில்லை என்று காட்டியது. இந்த ஏற்பிகள் மூளையின் மேற்பட்டையில் அடர்த்தியாக இருக்கின்றன, அதிலும் கண், காது தருகிற செய்திகளைத் தொகுத்துப் பொருள் கொடுக்கும் பகுதிகளில். 2012ல் லண்டனைச் சேர்ந்த ராபின் கார்ஹார்ட்-ஹாரிஸ் குழு எடுத்த ஸ்கேன்களில் 'டிஃபால்ட் மோட் நெட்வொர்க்' என்ற இணைப்பின் மையப் புள்ளிகளில் செயல்பாடு குறைந்தது தெரிந்தது. நாம் சும்மா இருக்கும்போது நம்மைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்போமே, அந்த வேலையோடு சம்பந்தப்பட்ட இணைப்பு இது. 2024ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள் ஏழு பேரைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து, 25 மில்லிகிராம் சைலோசைபின் மூளைப் பகுதிகள் ஒத்திசைந்து இயங்குவதைக் கலைத்துப்போடுகிறது என்றும், இந்த நெட்வொர்க்குக்கும் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸுக்கும் இடையிலான இணைப்பு சில வாரங்களுக்குத் தளர்ந்தே இருந்தது என்றும் பதிவு செய்தார்கள்.

வழக்கமாக ஒரு பிரசங்கத்தைக் கேட்கும்போது, இது பிரசங்கம், அவர் எல்லாரிடமும் பேசுகிறார், நான் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகப்போகிறேன் என்கிற வேலி ஒன்று நம் மனதில் தானாகவே இருக்கிறது. அந்த வேலி சாய்ந்தால் ஒலிபெருக்கியில் வரும் ஒவ்வொரு சொல்லும் நேரே எனக்கு வருகிறது.

சமூக நடத்தை பற்றிய ஆய்வுகளை இதனோடு சேர்த்துப் படித்தால் அந்த மாணவர் இன்னும் நன்றாகப் புரிகிறார். 2015ல் பத்துப் பேரிடம் செய்த ஒரு சோதனையில் எல்.எஸ்.டி. என்ற இன்னொரு சைக்கடெலிக் மருந்தை எடுத்தவர்கள் பிறர் சொல்லும் கற்பனையை மிக எளிதில் ஏற்றுக்கொண்டார்கள், அவர்களுக்கு யாரும் ஹிப்னாடிசம் செய்யவில்லை. 2016ல் சுவிஸ் ஆய்வு ஒன்றில் எல்.எஸ்.டி. எடுத்தவர்களுக்குப் பிறர் உணர்வோடு ஒன்றுவது கூடியது, பிறர் முகத்தில் பயத்தைக் கண்டுபிடிக்கும் திறன் குறைந்தது. அதே வருஷம் காட்ரின் ப்ரெல்லர் குழு, கணினியில் பந்து எறியும் விளையாட்டில் தன்னை ஒதுக்கும்போது வருகிற வலி சைலோசைபினால் குறைகிறது என்று கண்டது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2020ல் சூரிச்சிலிருந்து வந்தது: எல்.எஸ்.டி. எடுத்தவர்கள் கூட்டத்தின் கருத்துக்கு ஏற்பத் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள், ஆனால் அந்தக் கருத்து ஏற்கெனவே தங்கள் கருத்துக்குப் பக்கத்தில் இருந்தபோது மட்டும்தான். தூரமான கருத்துக்கு அவர்கள் அசையவில்லை.

இவற்றில் சில எல்.எஸ்.டி. ஆய்வுகள், சைலோசைபின் இல்லை. இரண்டும் முதன்மையாக ஒரே ஏற்பி வழியாக வேலை செய்வதால் பொருத்திப் பார்ப்பதில் தப்பில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் பொருத்திப் பார்ப்பது என் வாசிப்புதான்.

அப்படிப் பொருத்தினால் படம் இதுதான். தன் வாழ்க்கையையே ஊழியத்துக்குக் கொடுக்க முடிவு செய்த இளைஞர், அவர் மதிக்கிற குரல், அவர் ஏற்கெனவே நம்புகிற செய்தி, போய்ச் சொல்லுங்கள் என்கிற வினைச்சொல். அவருக்கு அந்நியமான எதையும் மருந்து உள்ளே கொண்டுவந்து வைக்கவில்லை. அவருடைய நம்பிக்கையையே எடுத்து, அதற்கு வழக்கமாக இருக்கும் நிதானத்தை மட்டும் கழற்றிவிட்டது. தபால்காரர் முகத்தில் தெரிந்திருக்கக்கூடிய திகைப்பு அவருக்கு உறைக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

அதே மருந்து, அதே அறை, அதே பிரசங்கம், மற்ற ஒன்பது பேருக்கு இப்படி ஊசி போட வேண்டி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களில் பெரும்பாலோருக்கு அது பேரமைதியாக, பேரன்பாக வந்தது. பயமும் வந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

என்ன எழுதினார்கள், எதை விட்டார்கள்

அனுபவம் முடிந்ததும் எழுதி வாங்கினார்கள், நீண்ட கேள்வித்தாள் கொடுத்தார்கள், ஆறு மாதம் கழித்து மறுபடியும் கேட்டார்கள். சைலோசைபின் குழுவின் மதிப்பெண்கள் எல்லாத் தலைப்புகளிலும் மற்றக் குழுவை விட உயர்ந்து நின்றன. 1963ல் பான்கி ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார்.

அதில் இரண்டு பேருக்குச் சாதாரண உலகத்துக்குத் திரும்புவதில் கொஞ்சம் சிரமம் இருந்தது, மருந்து இறங்கும்வரை வழிநடத்துநர்கள் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது என்ற அளவில் ஒரு குறிப்பு இருக்கிறது. தெரு இல்லை, தபால்காரர் இல்லை, ஊசி இல்லை. ஆறு மாதத் தொடர்ச்சியில் ஒருவர் இந்த அனுபவம் தனக்குச் சிறிது தீங்கு செய்ததாகவும், கூட்டம் பதறுகிற நேரத்தில் முன்பு போல நிதானமாக இருக்க முடியுமா என்ற ஐயம் வந்திருப்பதாகவும் எழுதியிருந்தார். அதையும் யாரும் பின்தொடர்ந்து போகவில்லை.

பான்கி ஏன் இதையெல்லாம் விட்டார்? அன்று ஹார்வர்டில் லியரி குழு மீது எதிர்ப்பு வளர்ந்துகொண்டிருந்தது, 1963 மே மாதம் லியரி வேலையை இழந்தார், அவரோடு வேலை செய்த ரிச்சர்ட் ஆல்பர்ட்டும் இழந்தார். அந்த நேரத்தில் ஒரு மாணவருக்கு ஊசி போட்ட கதை வெளியே வந்தால் ஆய்வே மூடப்படும் என்ற அச்சம் இருந்திருக்கலாம், இது என் ஊகம். ஆனால் அந்த அச்சத்தில் மறைத்ததால் ஆய்வு பிழைத்துவிடவில்லை. 1965ல் சாண்டோஸ் விநியோகத்தை நிறுத்தியது, 1970ல் அமெரிக்கச் சட்டம் சைலோசைபினை மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. எச்சரிக்கைக்கு மிகவும் தேவையான தகவல் மட்டும் காணாமல் போனது. பான்கி 1971ல் கடலில் மூழ்கி நீந்தும்போது விபத்தில் இறந்தார், அவரிடம் கேட்கும் வாய்ப்பும் போயிற்று.

கால் நூற்றாண்டு கழித்து

1980களில் ரிக் டாப்ளின் என்ற இளைஞர் பங்கேற்றவர்களைத் தேடிக் கிளம்பினார். பெயர்ப்பட்டியல் கிடைக்கவில்லை, ஒவ்வொருவராகக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. கடைசியில் 20 பேரில் 16 பேர் பேசினார்கள், சைலோசைபின் குழுவிலிருந்து ஏழு பேர், மற்றக் குழுவிலிருந்து ஒன்பது பேர். 1991ல் கட்டுரை வந்தது.

அந்த ஏழு பேரும் அந்த நாளைத் தங்கள் ஆன்மிக வாழ்வின் உயரமான தருணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். பழைய கேள்வித்தாளை மறுபடி கொடுத்தபோது மதிப்பெண்கள் கிட்டத்தட்ட அப்படியே இருந்தன. ஒடுக்கப்பட்டவர்கள் மேல் கூடிய அக்கறை, மரணபயம் குறைந்தது என்று சிலர் சொன்னார்கள். இதெல்லாம் பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

அதோடு அவர்களில் பெரும்பாலோர், நான் செத்துக்கொண்டிருக்கிறேன், பைத்தியம் பிடிக்கிறது என்று தோன்றிய கடுமையான நிமிடங்களைக் கடந்து வந்ததையும் சொன்னார்கள். ஆய்வேட்டில் இந்தப் பகுதி மிகவும் மெலிந்துதான் வந்திருந்தது. ஊசி போட்ட விஷயத்தை டாப்ளின் தெளிவாக அச்சில் ஏற்றினார், மறைத்தது தவறு என்று எழுதினார், அவர் இந்த மருந்துகளுக்கு ஆதரவாகவே வாழ்க்கை முழுக்கப் பாடுபடுகிறவர். 1998ல் இதே டாப்ளின், லியரி கான்கார்ட் சிறையில் கைதிகளுக்கு சைலோசைபின் கொடுத்து அவர்கள் மீண்டும் சிறைக்கு வருவது குறைந்ததாகச் சொன்னதையும் தோண்டிப் பார்த்து, அந்தக் கணக்கு நிற்கவில்லை என்று எழுதினார். தன் பக்கத்து ஆட்களைத் திருத்துவதற்கு நேர்மை வேண்டும், அந்த மரியாதையை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

பிறகு மாறியவை, இன்னும் மாற வேண்டியவை

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு 36 பேரிடம் செய்த ஆய்வு 2006ல் வந்தது. பெரிய வெள்ளி சோதனையின் குறைகளைப் பார்த்துக் கட்டியது போலவே அதன் அமைப்பு இருக்கிறது. கூட்டம் இல்லை, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். பிரசங்கம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு இசை கேட்கலாம். பக்கத்தில் இரண்டு பேர், மருந்து எடுக்காதவர்கள், நாள் முழுக்க. முன்பே பல சந்திப்புகளில் மொத்தம் எட்டு மணி நேரம் பழகியிருப்பார்கள். தனக்கோ நெருங்கிய ரத்த உறவுக்கோ மனச்சிதைவோ இருமுனை மனநோயோ இருந்தால் சேர்க்க மாட்டார்கள். 2008ல் இதே குழு வெளியிட்ட பாதுகாப்பு வழிமுறைகள்தான் அதற்குப் பின் வந்த பல ஆய்வுகளுக்கு அடித்தளம்.

இன்று அந்த 1962 நாளை மறுபடி நடத்தினால் எதை மாற்றுவேன் என்று யோசித்தால், வழிநடத்துநர் ஒருவர் கூட மருந்து எடுக்கக் கூடாது என்பதுதான் முதலில் வரும். அடுத்தது பேச்சு. மருந்து உச்சத்தில் இருக்கும்போது 'போ', 'செய்', 'சொல்' என்று ஏவுகிற எதுவும் காதில் விழக்கூடாது, அது வேத வசனமாக இருந்தாலும் சரி. பிரசங்கத்தை முந்தின நாளே கேட்டிருக்கலாம், மறுநாளும் கேட்கலாம். இதைச் சொல்லும்போது ஓர் எதிர்க்கேள்வி வரும்: அப்படியானால் மசாடெக் சடங்கில் இரவு முழுக்கப் பாட்டும் ஜெபமும் இருக்கிறதே என்று. இருக்கிறது, ஆனால் அங்கே நடத்துகிறவருக்கு வந்தவரைத் தெரியும், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பாட்டை மாற்றுவார், ஒலிபெருக்கிக்கு அது முடியாது.

மருந்து இறங்கிய பிறகும் வேலை முடியவில்லை. குல் டோலன் குழு எலிகளில் செய்த ஆய்வு 2023ல் வந்தது: குட்டிப் பருவத்தில் மட்டும் திறந்திருக்கும் சமூகக் கற்றலின் சாளரம் இந்த மருந்துகளால் வளர்ந்த எலிகளிலும் மீண்டும் திறக்கிறது, சைலோசைபினில் சுமார் இரண்டு வாரம், எல்.எஸ்.டி.யில் மூன்று வாரம் திறந்திருக்கிறது. எலிக்கு நடப்பது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாதுதான். இருந்தாலும் இது சரியானால், அந்த மாணவரை மறுநாள் யார் வந்து பார்த்தார்கள், அவரைப் பிடித்து இழுத்து வந்த நினைவோடு அவர் எப்படி வாழப்போகிறார் என்று யாராவது உட்கார்ந்து பேசினார்களா என்பதற்கெல்லாம் மருந்தின் அளவுக்கே முக்கியத்துவம் வந்துவிடுகிறது.

நம் ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடைக்கானலில் போதைக் காளான் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், 1985ம் வருஷத்துச் சட்டப்படி சைலோசைபின் தடை செய்யப்பட்ட பொருள் என்பது ஒரு பக்கம். அதை விட எனக்குக் கவலை தருவது, அங்கே எந்த அளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது, மலைச் சரிவு பக்கத்தில் இருக்கிறது, கூட வந்த நண்பர்களும் அதையே சாப்பிட்டிருக்கிறார்கள், தெளிவாக இருக்கிற ஒருவர் கூட இல்லை. யாராவது அப்படி நிலைதடுமாறினால் கத்தாமல், வாதாடாமல், தனியாக விடாமல் சத்தமில்லாத இடத்தில் உட்கார வைத்து 108ஐ அழைக்க வேண்டும், என்ன சாப்பிட்டார் என்பதை வருகிறவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கடைசியாக, அந்த உடைந்த மறைப்பும் விடுபட்ட வரிகளும் இன்றும் தொடர்கின்றன. டாப்ளின் 1986ல் தொடங்கிய அமைப்பிலிருந்து கிளைத்த நிறுவனம், அதிர்ச்சிக்குப் பின்னான மனநோய்க்கு எம்.டி.எம்.ஏ. சிகிச்சையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் கொண்டுபோனது. எம்.டி.எம்.ஏ. வேறு வகை மருந்து என்றாலும் சிக்கல் அதேதான். 2024 ஜூன் 4ல் கூடிய ஆலோசனைக் குழுவில் தனக்கு எது கிடைத்தது என்று பங்கேற்றவர்களுக்குத் தெரிந்துபோனது முதல் கேள்வியாக நின்றது. பரவசம் போன்ற விளைவுகளை, அவை நல்லவைதானே என்று பக்கவிளைவுப் பட்டியலில் பதியாமல் விட்டதும் விவாதத்துக்கு வந்தது. பயனை விட ஆபத்து குறைவு என்பதற்கு ஆதரவாக ஒருவர், எதிராகப் பத்துப் பேர் வாக்களித்தார்கள், ஆகஸ்டில் அனுமதி மறுக்கப்பட்டது. அனுமதிக்கு முன் பெரிய அளவில் செய்யும் மூன்றாம் கட்டச் சோதனை ஒன்றை மறுபடி செய்து வாருங்கள் என்று அப்போது சொன்னார்கள்.